செவிக்கு எட்டாத மருந்து

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது தமிழர் இல்லந்தோறும் வழங்கும் பழமொழி. அதனை ஏட்டில் படித்து அறிந்தவர் சிலர்; பாட்டியின் வாயிலிருந்து கேட்டு அறிந்தவரே பலர். உடல்நலம் பற்றித் தமிழர் அறிந்தவற்றுள் பெரும்பகுதி செவிவழி வந்ததேயாகும். பிள்ளை பெற்றவளுக்கு எதைக் கொடுக்கலாம், காய்ச்சல் கண்டவனுக்கு எதைக் கொடுக்கலாகாது, பச்சிளங்குழந்தையின் அழுகை பசியாலா வயிற்றுவலியாலா என்பனவெல்லாம் திண்ணையிலும் அடுப்படியிலும் பேசப்பட்ட செய்திகள். சித்தர் மரபின் மருத்துவ நூல்கள் செய்யுளில் அமைந்தமைக்கும், செய்யுள் செவியில் விழுந்து நினைவில் தங்கும் என்பது ஒரு காரணம் அன்றோ?

அத்தகைய மக்களின் செவிக்கு இன்று மருத்துவம் எட்டவில்லை. மருத்துவமனை இருக்கிறது, மருந்து இருக்கிறது, மருத்துவரும் இருக்கிறார். விளக்கத் துண்டறிக்கையும் இருக்கிறது. சில வேளைகளில் அது தமிழிலேயே இருக்கிறது. ஆயினும் மருத்துவமனை வாயிலைத் தாண்டி வெளியே வரும் முதியவரிடம், "உள்ளே என்ன சொன்னார்கள்?" என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. இதற்கு மக்களின் அறியாமையே காரணம் என்று கூறித் தப்பித்துக்கொள்வது எளிது. உண்மை வேறு. கேட்பவருக்கு அறிவில்லை என்பதன்று. சொல்பவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. இக்குற்றத்தில் மருத்துவத் துறைக்கு மட்டுமன்றித் தமிழ் எழுத்தாளர்க்கும் பங்குண்டு.

பெரட்டுக்களத்திலிருந்து மருந்தகம் வரை

ஜொகூர் பாருவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கூலாய். இரப்பரும் செம்பனையும் வளர்த்த ஊர் அது. கூலாய் பெசார், பிரேசர், செடெனாக் எனும் தோட்டப் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் அவ்வட்டாரத் தமிழருக்குத் தம் பெற்றோரின் முகம் நினைவில் எழும்.

தோட்டக் காலத்தில் மருத்துவச் செய்தி எவ்வாறு பரவிற்று என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன்னர் தொழிலாளர் பெரட்டுக்கு நிற்பர். மலேரியாக் காய்ச்சல் கொடுமை புரிந்த நாளில், கொயினா மருந்தும் அங்கேயே கொடுக்கப்பட்டது. தோட்டத்து டிரெசர் மலையாளியாக இருப்பார், யாழ்ப்பாணத்தவராகவும் இருப்பார். எவராயினும் தொழிலாளியின் தமிழில் பேசினாலன்றித் தம் வேலை நடவாது என்பதை அவர் அறிந்திருந்தார். தோட்ட மருத்துவ உதவியாளரைப் பதிவு செய்தற்கென்றே 1965-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டதெனின், அத்தோட்ட வாழ்வில் அவருக்கிருந்த இடம் விளங்கும்.

அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றுவதற்கில்லை. மலேரியாவும் கொக்கிப்புழுவும் கொண்டுபோன உயிர்கள் எண்ணற்றவை. தொழிலாளியின் உடல்நலத்தைத் தோட்ட நிருவாகம் பேணியது, மறுநாள் அவன் மரம் வெட்ட வரவேண்டும் என்பதற்காகவே. ஆனால் ஒன்று மட்டும் அங்கே இருந்தது. சொல்பவர் ஒருவர் இருந்தார்; அவர் வாய்திறந்து சொன்னார்; விளங்காதவர் லயத்துக்குத் திரும்பி மற்றவரைக் கேட்டுத் தெளிந்துகொண்டார்.

இன்று நிலைமை மாறிவிட்டது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, லயங்கள் கலைந்தன. தோட்டத்தார் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் குடியேறினர். பிள்ளைகள் செனாய்ப் பகுதித் தொழிற்சாலைகளில் முறைமாற்று வேலை செய்கின்றனர். சிங்கப்பூர் எல்லையைத் தாண்டுவதற்காக இருட்டிலேயே மோட்டார் சைக்கிளை முடுக்குகின்றனர். வீட்டில் தனித்திருக்கும் முதியவளின் கையில் மருந்துப்பை இருக்கிறது. பையின் மேல், உணவுக்கு முன் என்பதற்கு 'செபெலும் மாக்கான்' என்றும், உணவுக்குப் பின் என்பதற்கு 'செலெபாஸ் மாக்கான்' என்றும் மலாய்மொழியில் அச்சிடப்பட்டிருக்கிறது. அவ்விரு தொடர்களையும் காதால் கேட்டால் அவளுக்கு நன்றாகவே விளங்கும். சந்தையில் அறுபதாண்டுகள் மலாய் பேசியவள் அவள். படிக்கத்தான் இயலாது. அவள் கேட்க வேண்டியதைப் படிக்கச் சொல்வதும், படிக்க இயலாதபோது அவளை அறிவிலி என்பதும் எந்த நீதியில் அடங்கும்?

நோய் மாறியது, சொல்லும் முறை மாறவில்லை

பெரட்டுக்களத்தில் கொயினாவைப் பெறுவதற்குத் தொழிலாளி வாயைத் திறந்தால் போதும். இன்றைய நோய்களுக்கு அது போதாது. காதையும் அறிவையும் திறக்க வேண்டும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றில் மருத்துவர் ஆண்டுக்குச் சில முறைகளே நோயாளியைப் பார்க்கிறார். எஞ்சிய நாளெல்லாம் நோயாளியே தமக்கு மருத்துவர். எதை உண்பது, எவ்வளவு உண்பது, மாத்திரையை எப்போது விழுங்குவது, காலில் பட்ட சிறுபுண்ணை எப்படிக் கவனிப்பது என்று நாள்தோறும் முடிவு செய்பவர் அவரே. அவருக்கு விளங்காத மருத்துவம் நடைபெறாத மருத்துவமே.

மலேசியச் சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டின் வயது வந்தோருள் நீரிழிவு உடையவர் 18.3 விழுக்காட்டினர். இந்தியருள் அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர்! அதே ஆய்வு, நாட்டின் வயது வந்தோருள் 35.1 விழுக்காட்டினருக்கு உடல்நலச் செய்திகளைப் பெற்று, புரிந்து, பயன்படுத்தும் ஆற்றல் குறைவாக உள்ளது என்றும் கண்டது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் நெஞ்சம் நடுங்க வேண்டும். மலேசியாவில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோருள் பாதிக்கு மேற்பட்டவர் நீரிழிவினால் சிறுநீரகம் பழுதுற்றவர்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு, பத்தாண்டுகளுக்கு முன்னரே, விளங்கும் மொழியில் ஒருவர் எடுத்துச் சொல்லியிருப்பார்? "ஊசி போட்டால் கிட்னி போய்விடும்" என்று அஞ்சி இன்சுலினை மறுத்து, அந்த மறுப்பாலேயே சிறுநீரகத்தை இழந்தவர் எத்தனை பேர்?

பெயரிலேயே தொடங்கும் பிழை

குழப்பம் நோயின் பெயரிலேயே தொடங்குகிறது. 'நீரிழிவு' என்பது நல்ல தமிழ்ச்சொல். நீர் மிகுதியாக இறங்குதலைக் குறிப்பது. ஆயினும் காதில் விழுகையில் 'இழிவு' என்ற பகுதியே முன்னே நிற்கிறது. மலேசியத் தமிழர் வழங்குவதோ 'இனிப்பு நீர்' என்பது. மலாய்மொழியின் 'கெஞ்சிங் மானிஸ்' என்பதும் அதே பொருளையே தருகிறது. இந்நாட்டுத் தமிழ் மக்கள் தாமே வழங்கி வரும் பெயர் கையருகில் கிடக்க, அதனைக் கொச்சை என்று ஒதுக்குவானேன்? இரத்த அழுத்தம் என்றால் தலையசைப்பவர், 'பிரஷர்' என்றோ 'டாரா திங்கி' என்றோ சொன்னால்தான் தம் நோயை அடையாளம் காண்கிறார்.

இதனினும் கொடியது, தவறான பொருள் தரும் சொல். ஆய்வுக்கூட முடிவு 'நேர்மறை' என்று வந்திருப்பதாகச் சொன்னால், நல்ல செய்தி என்று மகிழ்பவரே மிகுதி. 'நோய் இருக்கிறது' என்பதுதான் அதன் பொருள் என்பதை எந்த அகராதி அவருக்குக் கூறும்? இரத்தப் பரிசோதனைக்கு முன்னிரவு முதல் எதுவும் உண்ணாதிருத்தலைப் 'பட்டினி இரத்தச் சர்க்கரை' என்று மொழிபெயர்த்தவர் ஒருவரேனும், பட்டினி என்ற சொல் ஏழையின் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்று எண்ணிப் பார்த்தாரா? 'வெறும் வயிறு' என்று தமிழ்ப் பெண்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்களே, அச்சொல்லுக்கு என்ன குறை?

மக்கள் நாவின் வலிமைக்குக் கூலாயே சான்று. அம்மாவட்டத்திற்கு 2008-இல் 'கூலாய்ஜெயா' என்று பெயர் சூட்டப்பட்டது. 2015-இல் அப்பெயர் மீண்டும் 'கூலாய்' ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளிலும் பேருந்து ஏறியவன் கூலாய்க்கே பயணச்சீட்டு வாங்கினான். அங்குள்ள மருத்துவமனையின் முழுப்பெயர் தெமெங்கோங் ஸ்ரீ மகாராஜா துன் இப்ராகிம் மருத்துவமனை. அதனைக் 'கூலாய் ஆஸ்பத்திரி' என்று அழைப்பவர் எவரும் வழிதவறிப் போனதில்லை.

கண்ணின் வாக்கியம், காதின் வாக்கியம்

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவது. 'வேண்டும்', 'கூடாது' என்னும் முடிவும் இறுதியிலேயே வரும். எழுத்தில் இதனால் இடரில்லை. கண் பின்னோக்கிச் சென்று மீண்டும் படிக்கும். காதுக்கு அந்த வசதி இல்லை. எழுவாய் ஓரிடத்தில் தொடங்கி, எச்சங்கள் ஐந்தாறு அடுக்கி, முப்பது சொல் கடந்த பின்னர் 'ஆகாது' என்று முடியும் வாக்கியத்தைக் கேட்பவன், முடிவு வருமுன்னரே தொடக்கத்தை மறந்துவிடுகிறான். இறுதி அசை இருமலிலோ பேருந்து இரைச்சலிலோ மறைந்துபோனால் 'உண்ணலாகாது' என்பது 'உண்ணலாம்' ஆகிவிடும். அங்கே பிழைபடுவது இலக்கணம் அன்று, உயிர்.

டெங்கிக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோர் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காண்பர். அந்நோயில் காய்ச்சல் தணியும் நேரமே ஆபத்து மிகுந்த நேரம். காய்ச்சல் விட்டால் நலம் என்று நம்பும் உலக வழக்கத்திற்கு இது முற்றிலும் மாறானது. ஆகவே இதனை மிகத் தெளிவாகச் சொல்ல வேண்டும். துண்டறிக்கைத் தமிழ் இதனை எவ்வாறு சொல்லும்?

"டெங்கிக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டுள்ளோரின் உடல் வெப்பநிலை இயல்புநிலையை எய்துங்கால் ஏற்படக்கூடிய நெருக்கடிக் கட்டத்தின் எச்சரிக்கை அறிகுறிகளான கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறுகளில் குருதிக் கசிவு, மிகுசோர்வு ஆகியவற்றுள் யாதேனும் ஒன்று தென்படுமாயின் உடனடி மருத்துவச் சிகிச்சையை நாடுதல் இன்றியமையாததாகும்."

இதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. அறிவியல் பிழையும் இல்லை. ஆனால் இதனைக் கேட்டு ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாளா? இதையே அடுத்த வீட்டுக்காரி சொன்னால் இப்படிச் சொல்வாள்:

"காய்ச்சல் விட்டுருச்சுன்னு நிம்மதியா இருந்துறாதீங்க. டெங்கியில காய்ச்சல் விடுற நேரந்தான் ஆபத்து. வயிறு வலிக்குதா? வாந்தி நிக்கலையா? பல் ஈறுல ரத்தம் வருதா? புள்ள ரொம்பச் சோந்து கெடக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும் போதும், ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. விடியட்டும்னு இருக்காதீங்க."

முன்னதில் உள்ள செய்தி யாவும் பின்னதிலும் உள்ளன. கூடுதலாக, செயலும் இருக்கிறது. ஒரு வாக்கியத்திற்கு ஒரு செய்தி; முதலில் ஆபத்து, பின்னர் அறிகுறி, இறுதியில் செய்ய வேண்டியது. வினா எழுப்பப்படுகிறது, கேட்பவள் தன் பிள்ளையைப் பார்த்து விடை சொல்லிக்கொள்கிறாள். இதுவே பேச்சின் இலக்கணம். துண்டறிக்கையை ஒலிபெருக்கியின் முன் வைத்து வாசிப்பது பேச்சு ஆகாது. வானொலியில் மருத்துவர் பாதி ஆங்கிலத்தில் விளக்க, அறிவிப்பாளர் அதனை ஏட்டுத் தமிழில் பெயர்க்க, இருவருக்கும் இடையில் கேட்பவன் தவித்து நிற்பதும் பேச்சு ஆகாது.

பொய் பேசும் மொழி

மெய் இவ்வாறு நடை தளர்ந்து நிற்கையில், பொய் என்ன செய்கிறது? அது வீட்டு மொழியில் பேசுகிறது. இரவுச் சந்தையில் மருந்து விற்பவனின் பேச்சைச் சற்று நேரம் கேட்டவர் அறிவர். "முட்டி வலிக்குதாம்மா? ராத்திரி தூக்கம் வரலியா?" என்று அவன் நோயாளியின் துன்பத்திலிருந்தே தொடங்குகிறான். கதை சொல்கிறான், சிரிக்க வைக்கிறான், ஒன்றையே மூன்று முறை சொல்கிறான். அவன் விற்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது? மூலிகை மருந்து என்ற பெயரில் விற்கப்படும் சில பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை எச்சரித்துள்ளது. அம்மருந்து வலியை மாயமாய் மறைக்கும். இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். எச்சரிக்கை ஏட்டில் உறங்குகிறது. பொட்டலம் விற்றுத் தீர்கிறது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பின்னரும் இதுவே நிகழ்ந்தது. கைப்பேசிகளில் குரற்பதிவுகள் பறந்தன. கொரோனாவுக்கு இதைக் கரைத்துக் குடியுங்கள், அதைப் புகை போடுங்கள் என்று உறவுக்காரரின் குரலில், உறவுக்காரரின் தமிழில் அவை பேசின. அவற்றை மறுத்து வந்த விளக்கங்களோ அரசிதழின் தமிழில் அமைந்த அறிக்கைகள். பொய்க்கு நாக்கு இருந்தது. மெய்க்குத் தாள் மட்டுமே இருந்தது. எது வெல்லும் என்பதை ஊகிக்க அறிவாளி தேவையில்லை.

எழுப்பப்படும் தடைகள்

பேச்சுத் தமிழில் மருத்துவம் சொல்லுதல் மொழியைக் கெடுக்கும் என்பார் உளர். இக்கூற்றை முன்வைப்போருள் கதாசிரியர்களும் இருப்பதுதான் வியப்பு. அவர்கள் எழுதும் சிறுகதையில் தோட்டத்துப் பாட்டி தோட்டத்துத் தமிழில் பேசுகிறாள். அதற்காகப் பரிசும் பாராட்டும் கிடைக்கின்றன. கதையில் வரும் பாட்டி பேச்சுத் தமிழில் பேசலாம். மெய்யான பாட்டிக்கு மருந்து சொல்லும்போது மட்டும் செந்தமிழ் வேண்டுமா? தமிழ் வானொலி நாடகங்கள் இந்நாட்டு இல்லங்களில் குடும்பத்தோடு அமர்ந்து கேட்கப்பட்ட காலத்தில், அவற்றின் மாந்தர் பேசியது பேச்சுத் தமிழே. அதனால் தமிழ் அழிந்துவிடவில்லை. தமிழைக் கேட்போர் கூட்டமே வளர்ந்தது. நூலுக்கு ஒரு தமிழ், நாவுக்கு ஒரு தமிழ் என்று இரண்டையும் பேணி வந்த மொழி இது. நூலின் தமிழ் நூலுக்கு உரியது. இக்கட்டுரை எழுதப்பட்டிருப்பதும் படிப்பவர்க்குரிய அத்தமிழிலேயே. நோயாளியின் தலைமாட்டில் அதனைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பிழை.

எந்தப் பேச்சுத் தமிழ் என்பது அடுத்த தடை. வட்டாரத்துக்கு வட்டாரம், குடிக்குக் குடி வேறுபடும் பேச்சில் எதை ஏற்பது என்று வினவுகின்றனர். மலேசியத் தோட்டங்களில் பல மாவட்டத்தாரும் ஒருங்கே வாழ்ந்ததால், எல்லாருக்கும் விளங்கும் பொதுப்பேச்சு ஒன்று இங்கே தானாகவே உருவாகியுள்ளது. 'சீனி', 'பசியாறுதல்', 'கிளினிக்' முதலிய சொற்கள் எவர்க்கும் விளங்குவன. ஐயம் எழுமிடத்தில் கேட்பவரையே கேட்டுத் தெளியலாம்.

பிள்ளைகள்தாம் மலாய் அறிவரே, அவர்கள் மொழிபெயர்க்கட்டும் என்பது மூன்றாவது தடை. பன்னிரண்டு வயதுச் சிறுவன் தன் தாயின் கருப்பை நோயை மருத்துவரிடம் எவ்வாறு எடுத்துரைப்பான்? தாய்தான் அவனிடம் எவ்வாறு சொல்வாள்? நாணத்தால் மறைக்கப்படும் ஒரு செய்தியே நோயின் மூலமாக இருத்தலும் கூடும். வளர்ந்த பிள்ளையோ வேலைக்குப் போயிருப்பான். துணைக்கு ஆள் கிடைக்கும் நாளில் மட்டும் நோய் வருவதில்லை.

எளிமையாகச் சொன்னால் அறிவியல் நுட்பம் கெடும் என்பது நான்காவது. கெடுவது எளிமையால் அன்று, அரைகுறை எளிமையால். "காலை ஒன்று, இரவு ஒன்று" என்பது எளிமையான அறிவுரை போலத் தோன்றும். ஆனால் இரவெல்லாம் தொழிற்சாலையில் நின்று, காலையில் உறங்கப் போகும் கூலாய்த் தொழிலாளிக்குக் காலை எது, இரவு எது? இன்சுலின் போட்டுக்கொண்டு உண்ணாமல் உறங்கிவிட்டால், சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். அவனுக்கு உரிய நேரத்தை அவனது வேலை நேரத்தோடு பொருத்திச் சொல்வதே நுட்பம். அதனை எந்த அச்சுத்தாளும் செய்யாது, வாய்தான் செய்யும்.

மருத்துவர்க்கு நேரம் இல்லை என்பது இறுதித் தடை. இதில் உண்மை உண்டு. ஆனால் விளங்காமல் சொல்வதற்குச் செலவாகும் நேரம் முற்றும் வீணே. மருத்துவர் கூறுவதில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிகள் உடனேயே மறந்துவிடுகின்றனர் என்று நெதர்லாந்து உளவியல் அறிஞர் ராய் கெசல்ஸ் 2003-இல் எடுத்துக்காட்டினார். மேலைநாட்டு மருத்துவமனைகளில் இதற்கு ஓர் எளிய வழி கையாளப்படுகிறது. சொன்னதை நோயாளியின் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லக் கேட்பதே அது. "புரிந்ததா?" என்று கேட்டால், தமிழ் முதியவர் மரியாதைக்காகவேனும் "புரியுது டாக்டர்" என்றே சொல்வார். "வீட்டுக்குப் போயி மகன்கிட்ட என்னம்மா சொல்லுவீங்க?" என்று கேட்டால், புரிந்ததும் புரியாததும் ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். அங்கே சோதிக்கப்படுபவர் நோயாளி அல்லர், சொன்னவரே.

முன்னோர் நடந்த பாதை

இவையெல்லாம் தமிழில் ஆகக்கூடியவையா என்று ஐயுறுவோர் வரலாற்றைப் புரட்டுக. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், 1864 முதல் தமிழ்மொழியிலேயே மேனாட்டு மருத்துவத்தைப் பயிற்றினார். பிரசவம், அறுவை மருத்துவம், உடற்கூறு, வேதியியல் பற்றிய நூல்களைத் தமிழாக்கினார். தம் மாணாக்கர் ஊர்ப்புறங்களில் தமிழரிடையே தொழில் செய்ய வேண்டுமெனின், அத்தமிழர் மொழியிலேயே கற்க வேண்டும் என்பது அவர் துணிபு. அயல்நாட்டார் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இயலும் என்று செய்துகாட்டியதை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் இயலாது என்பது நாணத்தக்கது.

பேசும் சொல்லுக்கு உள்ள ஆற்றலுக்குத் தஞ்சை வயல்வெளி சான்று பகரும். 1960-களில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்வகை அறிமுகமாயிற்று. திருச்சி வானொலி உழவர்க்கென ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளின் வழியே அதனை அறிந்த தஞ்சை உழவர், அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு விட்டனர்! நாற்றங்கால், உரம், பூச்சிமருந்து என்று நுட்பமான செய்திகள் யாவும் காதுவழியே வயலுக்குப் போய்ச் சேர்ந்தன. எழுத்தறியா உழவன் அதனைக் கேட்டான், நம்பினான், விதைத்தான். நெல்லுக்குப் பயன்பட்ட வழி உயிருக்குப் பயன்படாதா?

எழுத்தாளர் கடன்

மலேசியத் தமிழ் எழுத்தாளர்க்குக் கவியரங்கம் நடத்தத் தெரியும். நூல் வெளியீட்டு விழா எடுக்கத் தெரியும். மாலை மரியாதைகளுக்கும் குறைவில்லை. ஆனால் மூவரில் ஒருவரை வாட்டும் நோய் பற்றி, அம்மூவரும் கேட்டுத் தெளியும் வண்ணம் ஒரு நிமிட உரை எழுதித் தந்தோர் எத்தனை பேர்? மக்களின் பேச்சை அறிந்தவர் எழுத்தாளர். மருந்தின் இயல்பை அறிந்தவர் மருந்தாளர். இவ்விருவரும் ஒரு மேசையின் இரு புறமும் அமராத வரையில், துண்டறிக்கைத் தமிழே ஆட்சி செலுத்தும்.

கூலாய் போன்ற ஓர் ஊரிலேயே இப்பணியைத் தொடங்கலாம். பெருஞ்செலவு வேண்டியதில்லை. மருந்தாளர், தாதியர், எழுத்தாளர் ஆகியோர் கூடி இருபது செய்திகளைத் தேர்ந்தெடுக்கட்டும். இன்சுலின் போட்டுக்கொள்வது எப்படி, சர்க்கரை தாழ்ந்தால் செய்ய வேண்டியது என்ன, காலை நாள்தோறும் பார்ப்பது ஏன், டெங்கியில் காய்ச்சல் விட்ட பின் எதைக் கவனிப்பது, நலமாக உணர்ந்தாலும் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாகாதது எதனால் என்பன போன்றவை. ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தைத் தாண்டாத பேச்சாக எழுதப்படட்டும். எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பலாகாது. எழுத்தறியா மூதாட்டியர் மூவரை அழைத்து ஒரே முறை சொல்லிக் காட்ட வேண்டும். அவர்கள் திருப்பிச் சொல்வதில் எங்கே பிழை நேர்கிறதோ, அங்கே உரையாசிரியர் தம் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். பட்டம் பெற்றோர் ஒப்புதலைவிட அம்மூவரின் ஒப்புதலே முதன்மையானது.

அவ்வாறு தேறிய உரைகளை நல்ல குரலில் பதிவு செய்து, மருந்தகத்தில் காத்திருப்போர் கேட்க ஒலிக்கச் செய்யலாம். கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே ஒலிக்கச் செய்யலாம். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் பேசலாம். அரசாங்க வானொலியின் மின்னல் பண்பலைக்கு வழங்கலாம். பொய் பறக்கும் அதே கைப்பேசியில் மெய்யையும் பறக்கவிடலாம்.

சுகாதாரத் துறையினர்க்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் அச்சிட்டுவிட்டோம், கடமை முடிந்தது என்று அவர்கள் கணக்கு முடித்தல் ஆகாது. எத்தனை தாள் அச்சாயின என்பது கணக்கன்று. எத்தனை பேர் கேட்டுத் திருப்பிச் சொன்னார்கள் என்பதே கணக்கு. நோயாளிக்கு விளங்கச் சொல்லுதல் மருத்துவர் காட்டும் சலுகையன்று. சிகிச்சையின் ஒரு பகுதி. விளங்காமல் கொடுத்த மருந்து, கொடுக்காத மருந்தே.

தமிழை வாழவைக்க வேண்டும் என்று மேடைதோறும் முழங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்வாராக. தமிழ் வாழ்வது தமிழர் நாவில். அந்நாவுடைய தமிழர் காலிழந்தும் கண்ணிழந்தும் சிறுநீரகம் இழந்தும் வாடுகையில், மொழியின் தூய்மையைக் காப்பாற்றி வைத்து யாருக்குக் கொடுப்பது? முதலில் உயிர் காக்கும் சொல் செவிக்கு எட்டட்டும். அதனை எட்டச் செய்யும் எழுத்தே இன்று தேவைப்படும் எழுத்து.